என்ர மனுசன் உயர்த்தின பிக்கப்

லைசன்ஸ் பறிபோன மனுசன் செய்யிற வேலையோ இது, நீங்களே சொல்லுங்கோ. அவர் பஸ்ஸில ஏறித் திரியத் தொடங்கி ஒரு வருசம்கூட ஆகேல்லை. கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில ஆரோ ஒருத்தற்ற கராஜுக்குப் பின்னால கிடந்த பழைய பிக்கப் ஒண்டை வாங்கிப்போட்டு எனக்குப் போன் எடுக்கிறார்.

"இஞ்சாரும், ஷிப்ட் முடிஞ்சுதோ? ஒருக்கா இஞ்சால வாரும். ஒரு வாகனம் எடுத்திருக்கிறன். வீட்டை கொண்டுபோக ஆள் வேணும்."

ஆள் எண்டால் ஆர்? நான்தான். வயசுபோன ஆக்களைப் பராமரிக்கிற இல்லத்தில விடியக் காலமை வேலைக்குப் போய், நாரி முறிய ஆக்களைத் தூக்கி இருத்திப்போட்டு, வீட்டை போய் ஒரு தேத்தண்ணி குடிப்பம் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான். அதை விட்டிட்டு ரெயின் ஏறி லண்டன்ர மற்றக் கரைக்குப் போனன். போய்ப் பாத்தால், ரெண்டு பேர் இருந்தாலே முழங்கால் முட்டுற ஒரு முன்பக்கம், பின்னால திறந்த பெட்டி, இன்ன நிறம் எண்டு சொல்ல ஏலாத ஒரு பச்சை. கதவின்ர கீழ்க்கரை முழுக்கக் கறள் பிடிச்சு உதிருது. அதுக்குப் பக்கத்தில என்ர மனுசன் புதுமாப்பிள்ளை மாதிரிச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறார்.

"வடிவாயிருக்கெல்லே?"

"உந்தக் கோதாரியை ஆர் ஓடுறது?"

"இப்ப நீர் ஓடும். பேந்து நான் ஓடுவன்."

எனக்குக் கோவம் வந்ததே அந்தப் 'பேந்து'வைக் கேட்டுத்தான்.

அவருக்குக் கன காலமாச் சீனி வருத்தம். கண்ணுக்குள்ள இரத்தம் கசிஞ்சு, லேசர் அடிச்சு, பேந்தும் பேந்தும் லேசர் அடிச்சு, நடுப் பார்வையைக் காப்பாத்திப்போட்டினம். ஆனா ரெண்டு பக்கக் கரையும் போயிட்டுது. நேர பாத்தால் மருந்துப் பெட்டியில இருக்கிற சின்ன எழுத்தையும் வாசிப்பார். பக்கத்தில ஆனை நிண்டாலும் தெரியாது. ஆஸ்பத்திரியில ஒரு பெட்டிக்குள்ள தலையை வைச்சு, அங்க இஞ்ச சின்ன வெளிச்சம் மின்ன மின்ன, கையில இருக்கிற பட்டனை அமத்தச் சொன்னவை. ரெண்டு தரம் சோதிச்சினம். ரெண்டு தரமும் ஒரே முடிவு. லைசன்ஸ் போச்சு.

ஆனா இந்த மனுசன் அதை ஒப்புக்கொண்டால்தானே! பட்டன் இறுகிப்போய்க் கிடந்ததாம். சோதிச்ச பிள்ளை பக்கத்தில நிண்டு ஆரோடயோ கதைச்சுக்கொண்டு நிண்டதாம். முதல் நாள் தனக்கு நித்திரை இல்லையாம். "எனக்குக் கண் வடிவாத் தெரியுது. அந்த மெஷினுக்குத்தான் கண் தெரியேல்லை" எண்டு வாற ஆக்கள் எல்லாருக்கும் சொல்லுவார். ஜெர்மனியில இருந்து நாங்கள் லண்டனுக்கு வந்த நாளில இருந்து வான் ஓடின மனுசன். கிங்ஸ்பரி, ஹரோ, ஃபாரஸ்ட் கேட் எண்டு எங்கட தமிழ்க் கடையள் எல்லாத்துக்கும் மரக்கறியும் மீன் பெட்டியும் இறக்கினவர். அந்த வானை விக்கச் சொன்னால் விக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமையில போய் ஏறி இருந்து ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சத்தத்தைக் கேட்டுப்போட்டு இறங்கி வருவார். நான் ஜன்னலால பாத்துக்கொண்டு நிப்பன். பாவம் எண்டும் கிடக்கும், எரிச்சலாயும் கிடக்கும்.

அண்டைக்கு நோத் சேர்க்குலர் றோட்டால அந்தப் பிக்கப்பை நான் கொண்டுவந்து சேத்த பாடு கடவுளுக்குத்தான் தெரியும். கிளச்சை அமத்த ரெண்டு கால் வேணும். கியர் தடி மூண்டாவதுக்கு எண்டால் அஞ்சாவதுக்குப் போகுது. பக்கத்தில இருந்த இவர், இல்லாத பிரேக்கைக் காலால மிதிச்சு மிதிச்சு வாறார். "இண்டிக்கேற்றர்! இண்டிக்கேற்றர் போடும்! லொறி வருது பாரும்!" லொறி வாறது நேர முன்னுக்கு, எதிர்ப்பக்க றோட்டில. எங்கட இடப்பக்கத்தில உரசிக்கொண்டு போன மோட்டார்சைக்கிள்காரனைப் பற்றி ஒரு கதையும் இல்லை. நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு ஓடினன்.

வீட்டை வந்து நான் பேசத் தொடங்கினாப் பிறகுதான் திட்டம் வெளியில வந்தது. திட்டத்தின்ர பிதா அவற்ற சிநேகிதர். அவரும் ஜெர்மனியில இருந்து வந்தவர்தான், வாகனம் திருத்திறவர். நான் அண்ணை எண்டு கூப்பிடுறனான். எதைப் பாத்தாலும் "ஜெர்மனியில இப்பிடிச் செய்யாயினம்" எண்டு தொடங்கிற ஆள். அந்த அண்ணை சொல்லியிருக்கிறார்: லண்டனைத் தாண்டிப் போனால் பழைய மண் கிடங்கு ஒண்டு இருக்குதாம். முந்தி மண் கிண்டின இடம். இப்ப ஆக்கள் பிக்கப்பும் ஜீப்பும் கொண்டுபோய்ச் சேத்துக்குள்ள ஓடி விளையாடுகினம். தனியார் காணி, றோட்டு இல்லை. காணிக்காரர் ஓம் எண்டால் லைசன்ஸ் இல்லாத ஆளும் ஓடலாமாம்.

"அங்க ஓடிக் காட்டுறன்" எண்டார் என்ர மனுசன். "மேடு பள்ளம், வளைவு எல்லாத்திலயும் ஓடிக் காட்டுறன். அதைப் பாத்தாப் பிறகு எனக்குக் கண் தெரியுதெண்டு நீர் ஒப்புக்கொள்ளவேணும். பேந்து திருப்பிச் சோதிக்கச் சொல்லிக் கேப்பன். லைசன்ஸ் வரும். வானை எடுப்பன்."

"தெரியாட்டி?"

"தெரியும்."

சரி, இவரோட கதைச்சுப் பிரியோசனமில்லை எண்டு நானே அந்தக் காணிக்காரருக்குப் போன் எடுத்தன். ஒண்டையும் ஒளிக்கேல்லை. என்ர மனுசனுக்குப் பக்கப் பார்வை இல்லை, லைசன்ஸ் இல்லை, ஆனா ஓடவேணும் எண்டு ஒற்றைக் காலில நிக்கிறார் எண்டன். அந்த வெள்ளைக்காரக் கிழவன் என்ர கதையை முழுக்கக் கேட்டார். கிழமை நாளில, வேற ஒருத்தரும் இல்லாத காலமை வரச் சொன்னார். நடக்கிற வேகத்துக்கு மேல போகக்கூடாது, லைசன்ஸ் உள்ள ஆள் கூட நிக்கவேணும், தான் கேற்றைப் பூட்டிவைப்பன் எண்டார். எனக்கு அந்தாளைக் கும்பிடவேணும் போல இருந்தது.

"நடக்கிற வேகத்தில ஓடுறதுக்கு இப்ப இருக்கிற மாதிரியே கொண்டுபோகலாம்தானே" எண்டு அண்ணையிட்டைக் கேட்டன்.

"விசர்க்கதை கதையாதை தங்கச்சி. அங்க ரயர்த்தடம் முழங்கால் ஆழத்துக்குக் கிடக்கும். அடி தட்டினால் எண்ணெய்ச் சட்டி பிளந்திடும். வாகனத்தை உயர்த்தவேணும்."

அண்டையில இருந்து எங்கட கிங்ஸ்பரி வீட்டு முற்றம் கராஜாப் போச்சு. சனி ஞாயிறு எண்டால் அண்ணை வந்திடுவார். முன்னுக்கு நீளமான இரும்புக் கம்பி ரெண்டு முறுகி நிண்டு பாரத்தைத் தாங்குதாம். அதின்ர நட்டை இறுக்கினால் மூக்கு எழும்புமாம். பின்னுக்கு ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கின வில்லுத் தகடு. அதில இன்னொரு தகட்டைச் சேத்து, பிடிச்சிருக்கிற கொழுவியையும் நீளமாக்கினால் பின்பக்கம் எழும்புமாம். சொல்லேக்க சுகமாத்தான் இருந்தது. பின்பக்கத்தை ஒரு கிழமை உயர்த்திப்போட்டு, முன்பக்கத்து நட்டு கறள் பிடிச்சு அசையேல்லை எண்டு விட்டிட்டுப் போயிட்டினம். நாய் சோம்பல் முறிக்கிற மாதிரி, பின்னைத் தூக்கி மூக்கைக் குத்திக்கொண்டு முற்றத்தில நிக்குது. பக்கத்து வீட்டு மனுசி வந்து, வாகனத்துக்கு என்ன வருத்தம் எண்டு என்னட்டைக் கேக்கிறா.

எங்கட ஆம்பிளையளுக்கு எங்கயாவது ஒரு பொனட் திறந்து கிடந்தாக் காணும். றோட்டால போற ஆள், கோயிலுக்குப் போற ஆள், பால் வாங்கப் போன ஆள், எல்லாரும் வந்து இடுப்பில கையை வைச்சுக்கொண்டு நிப்பினம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு 'தெரிஞ்ச பெடியன்' இருக்கிறான். ஒருத்தருக்கு வெல்டிங் தெரிஞ்ச பெடியன், இன்னொருத்தருக்கு ரயர் தெரிஞ்ச பெடியன். அந்தப் பெடியன் பாத்தால் அம்பது வயசு, மொட்டை விழுந்த ஆள். எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்தினது நான். ஒரு நாள் வாயை விட்டே கேட்டன், "இஞ்ச வேலை செய்யிற ஆக்கள் எத்தினை பேர், புதினம் பாக்கிற ஆக்கள் எத்தினை பேர்? வேலை செய்யிற ஆக்களுக்கு மட்டும் வடை தாறன்" எண்டு. ஒருத்தரும் வெக்கப்படேல்லை. எல்லாரும் வடைக்குக் கையை நீட்டினவை.

முன்பக்கத்தையும் ஒரு மாதிரி உயர்த்தினவுடன முடிஞ்சுதோ? அதுதான் இல்லை. உயர்ந்த வாகனத்துக்குப் பிரேக் பைப் எட்டேல்லை. நீளமானது வாங்கிப் போட்டினம். பேந்து, உயரத்துக்கு ஏத்த பெரிய ரயர் வேணுமாம். வந்து இறங்கிச்சுது சேத்து ரயர், ஒவ்வொரு பல்லும் என்ர கை முட்டி அளவு. அதைப் பூட்டினால் திருப்பேக்க மட்காட்டில உரஞ்சுது. மட்காட்டை அரிஞ்சினம். மூக்கு எழும்பினதால முன்லைட் வானத்தைப் பாக்குது. எதிரால வாறவன் எல்லாம் எனக்கு லைட் அடிச்சுப் பேசுறான். கூரைக்கு மேல வேற ஒரு நீட்டு லைட். "பகலில போறதுக்கு உதென்னத்துக்கு?" எண்டால், "கிடக்கட்டும், ஒரு வடிவுக்கு" எண்டு பதில். ஒவ்வொண்டு பூட்டினவுடனயும் இன்சூரன்ஸ்காரருக்குப் போன் எடுத்துச் சொல்லவேணும். எடுக்கிறது நான். அங்க இருக்கிற பிள்ளைக்கு என்ர குரல் பாடமாப் போச்சு. இந்த முறை என்ன மாத்தினியள் எண்டு சிரிச்சுக்கொண்டுதான் கேக்கும்.

ஓடிப் பாக்கிறதும் நான்தானே. நான் நிண்டால் அந்தச் சீற் என்ர நெஞ்சுக்கு வருது. அடுப்படியில இருந்த பிளாஸ்ரிக் ஸ்ரூலுக்கு ஒரு கயிறு கட்டி வைச்சிருந்தன். ஸ்ரூலில ஏறி, வாகனத்தில ஏறி, பேந்து கயிற்றை இழுத்து ஸ்ரூலை மேல எடுக்கவேணும். இறங்கேக்க ஸ்ரூலை முதல் இறக்கவேணும். வேலை உடுப்போட, கழுத்தில அட்டையும் தொங்க, கிங்ஸ்பரிக் கடைவாசலில நான் கயிறு விட்டு இறங்கிறதைப் பாக்கச் சனம் நிண்டது. கடைக்காரப் பெடியன் கேக்கிறான், "அக்கா, மேலயிருந்து பாக்க வெம்பிளி ஸ்ரேடியம் தெரியுதோ?" எண்டு. "உன்ர மண்டைக்குள்ள ஒண்டும் இல்லாததும் தெரியுது" எண்டு சொல்லிப்போட்டு வெண்டிக்காயை வாங்கிக்கொண்டு வந்தன்.

கடைசியா ஒரு மாதிரி வேலை முடிஞ்சுது. வாகனம் நாலு காலில நேரா நிண்டது. ஸ்ரியறிங் கொஞ்சம் இடப்பக்கம் இழுத்தது, அதுவும் சரிவந்தது. கிடங்குக்குப் போக ஒரு புதன்கிழமை பாத்தாச்சு. அதுக்கு முதல் வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்யவேணும் எண்டார் இவர். எடுத்த வான் ஒவ்வொண்டுக்கும் செய்தவர்தான். பூசை செய்யாத வாகனத்தை அவர் ஓடமாட்டார். எனக்கும் அதில ஒரு மறுப்பும் இல்லை.

கோயில் கார் பார்க்கில ஐயர் வந்தார். பொனட்டில சந்தனம் குங்குமம் வைக்க எட்டேல்லை. அண்ணை என்ர ஸ்ரூலை எடுத்துக் குடுத்தார். மாலை போட்டு, தேங்காய் உடைச்சு, கற்பூரம் காட்டி, நாலு ரயருக்கு முன்னாலயும் நாலு தேசிக்காய் வைச்சாச்சு. வாகனத்தை முன்னுக்கு எடுத்து அந்தத் தேசிக்காயளை நசிக்கவேணும், அதோட கண்ணூறு எல்லாம் கழிஞ்சிடும்.

"நான் ஏறட்டே?" எண்டு கேட்டார் என்ர மனுசன். மெதுவாத்தான் கேட்டார்.

சுத்திவரச் சனம். சின்னப் பிள்ளையள் வேற ஓடித் திரியுதுகள். "வேண்டாம், நான் எடுக்கிறன்" எண்டன். அவர் ஒதுங்கி வழி விட்டார். முகம் சுருங்கினதை நான் கண்டனான்.

நான் மெல்ல முன்னுக்கு எடுத்தன். சத்தம் ஒண்டும் பெரிசாக் கேக்கேல்லை. இறங்கி வந்து பாத்தால் எல்லாரும் முன் வலப்பக்கத்து ரயரைப் பாத்துக்கொண்டு நிக்கினம். மற்ற மூண்டும் நசிஞ்சு கிடந்தது. இந்தத் தேசிக்காய் மட்டும் அந்தக் கோதாரி ரயரின்ர ரெண்டு பல்லுக்கு இடையில போய் வடிவா இருந்துகொண்டு, சில்லோட சேந்து சுத்தி மேல வந்து நிக்குது. ஒரு கீறல் இல்லை. முழுசா, மஞ்சளா, பாத்துக்கொண்டு இருக்குது.

அண்ணை சிரிச்சுப்போட்டார். "சேத்து ரயரெல்லே, கல்லே சிக்கும், தேசிக்காய் சிக்காதோ?"

என்ர மனுசன் சிரிக்கேல்லை. "நசியேல்லை" எண்டார்.

ஐயர் பாவம், நல்ல மனுசன். "அது ரயரின்ர அமைப்பு. சாஸ்திரத்தில சேத்து ரயரைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. இன்னொண்டு வைப்பம்" எண்டு தட்டில இருந்து வேற தேசிக்காயும் எடுத்தார்.

"வேண்டாம் ஐயா. ரெண்டாந்தரம் வைக்கிறது கடவுளை ஏமாத்திற மாதிரி."

புதன்கிழமை வந்தது. மனுசன் எழும்பேல்லை. "தேசிக்காய் நசியாத வாகனத்தில போறது சரியில்லை" எண்டு போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திட்டார். எனக்கு வந்த கோவம்! இவ்வளவு நாள் முற்றம் நாறினது, என்ர லீவு நாள் எல்லாம் போனது, ஸ்ரூலோட நான் ஊர் சிரிக்கத் திரிஞ்சது, எல்லாம் ஒரு தேசிக்காய்க்காகவோ? வேற ரயர் போடுவம் எண்டு அண்ணை சொன்னார். அதுக்கும் மாட்டாராம். விப்பம் எண்டு நான் சொன்னன். அதுக்கும் மாட்டாராம். வாகனமும் நிக்குது, அவரும் இருக்கிறார்.

கிழமையள் போச்சு. ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டு நிக்கேக்கதான் எனக்கு விளங்கிச்சுது. ராகுகாலம் எமகண்டம் ஒண்டும் பாக்காமல் விடியப்புறம் எழும்பி வான் எடுத்த மனுசன். மழை, பனி, செவ்வாய்க்கிழமை ஒண்டும் பாக்காத மனுசன். அவருக்குத் தேசிக்காயில பயம் இல்லை. கிடங்குக்குப் போய் ஓடிப்பாத்து, தன்னால ஏலாது எண்டு தெரிஞ்சிட்டால் என்ன செய்யிறது எண்ட பயம். போகாத வரைக்கும் பிழை மெஷினில. போனால் பிழை எங்க எண்டு தெரிஞ்சிடும். அது விளங்கினாப் பிறகு எனக்குக் கோவம் குறைஞ்சிருக்கவேணும். குறையேல்லை, கூடிச்சுது. இன்னும் எத்தினை வருசம் இப்பிடியே ஞாயிற்றுக்கிழமையில வானுக்குள்ள போய் இருக்கப்போறார்? தெரியுதோ, தெரியேல்லையோ, ஒரு முடிவு வரட்டும் எண்டுதான் எனக்கு இருந்தது.

அடுத்த லீவு நாள் காலமை நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு சாவியை எடுத்தன். "இஞ்சாருங்கோ, நான் மண் கிடங்குக்குப் போறன். காணிக்காரருக்குச் சொல்லியாச்சு. வந்தால் வாங்கோ, வராட்டி விடுங்கோ."

போர்வைக்குள்ள இருந்து தலை வெளியில வந்தது. "உமக்குச் சேத்தில ஓடத் தெரியுமோ?"

"தெரியாது."

"புதைச்சுப்போடுவீர்."

"புதைஞ்சால் கிடக்கட்டும். உங்கட வாகனம்தானே."

நான் ஸ்ரூலில ஏறி, வாகனத்தில ஏறி, கயிற்றை இழுக்கிறதுக்குள்ள மற்றப் பக்கக் கதவு திறந்தது. அவற்ற கையில வான் ஓடேக்க போடுற மஞ்சள் ஜாக்கெற். "குளிரும்" எண்டு என்னட்டைத் தந்தார்.

கிடங்கில ஒரு ஈ காக்காய் இல்லை. முதல் நாள் மழை. கண்ணுக்கெட்டின தூரத்துக்குத் தேத்தண்ணி நிறச் சேறு. கிழவன் கேற்றைத் திறந்து, போனில சொன்னதையே திருப்பியும் சொல்லி, நாங்கள் உள்ள போனாப் பிறகு பூட்டினார். அண்ணைக்கு அண்டைக்கு வேலை. நாங்கள் ரெண்டு பேரும்தான். நான் இறங்கி இடப்பக்கம் போனன். அவர் வலப்பக்கம் வந்து ஏறினார். ஸ்ரூல் தேவைப்படேல்லை, பிடிச்சு ஒரே எட்டில ஏறினார்.

என்னெண்டு சொல்ல? வடிவா ஓடினார். நாலு சில்லும் சேந்து இழுக்கிற சின்னத் தடியைப் போட்டு, முதல் கியரில விட்டு, காலை எடுத்திட்டு, எஞ்சினைத் தன்ர பாட்டில நடக்க விட்டார். நான் ஓடேக்க முனகிக்கொண்டு வந்த வாகனம், அவற்ற கையில சத்தம் போடாமல் போகுது. மேட்டில ஏறிச்சுது, இறங்கிச்சுது. முழங்கால் ஆழத் தடத்துக்கு மேலால அடி தட்டாமல் போச்சுது. அவர் முதுகை நிமித்தி இருந்த மாதிரியையே நான் பாத்துக்கொண்டு இருந்தன். இவ்வளவு நாளும் என்ர வீட்டில சோபாவில படுத்துக் கிடந்தது ஆரோ வேற மனுசன். இதுதான் என்ர ஆள். உண்மையைச் சொல்லுறன், நானும் நம்பிப்போட்டன். அந்த மெஷின்தான் பிழையாக்கும் எண்டு நினைச்சன்.

"எப்பிடி?" எண்டார்.

"ஓம், ஓம். முன்னுக்குப் பாத்து ஓடுங்கோ" எண்டன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

கொஞ்சத் தூரத்தில பாதை ஒரு பள்ளத்துக்குள்ள இறங்கி வளைஞ்சுது. மூக்கு உயர்ந்து நிக்கிறதால கீழ என்ன கிடக்கு எண்டு தெரியேல்லை. இப்பிடியான இடத்தில ஒருத்தர் இறங்கி முன்னால நிண்டு கை காட்டவேணும் எண்டு அண்ணை சொல்லித் தந்தவர். நான் குதிச்சு இறங்கினன். மஞ்சள் ஜாக்கெற்றைப் போட்டுக்கொண்டு முன்னால போய் நிண்டு, வாங்கோ வாங்கோ எண்டு கையைக் காட்டினன். மெல்ல வந்தார். இடப்பக்கத்துச் சில்லுக்குப் பக்கத்தில ஒரு பெரிய கல்லு கிடக்கிற மாதிரி இருந்தது. அதைப் பாப்பம் எண்டு நான் கரைக்கு நகந்தன். ஓம், கல்லுத்தான். நிப்பாட்டச் சொல்லிக் கையை உயத்தினன்.

நிப்பாட்டேல்லை.

ரெண்டு கையையும் உயத்தி ஆட்டினன். கண்ணாடிக்குள்ளால அவற்ற முகம் வடிவாத் தெரியுது. நான் முதல் நிண்ட இடத்தையே பாத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமா வாறார். கோவத்தில ஏதோ கத்தினன், என்ன எண்டு ஞாபகமில்லை. எஞ்சின் சத்தத்தில கேக்கேல்லை. என்ர சப்பாத்துச் சேத்தில புதைஞ்சு நிக்குது, இழுக்க வருகுதில்லை. அந்தப் பெரிய ரயர் உருண்டு உருண்டு எனக்குக் கிட்ட வந்தது. நான் கையால மட்காட்டில ஓங்கி அடிச்சன்.

வாகனம் அப்பிடியே நிண்டு, குலுங்கி, எஞ்சினும் நிண்டது.

"எங்க நிக்கிறீர்?" எண்டு அவர் கத்தினது கேட்டுது. முகம் இன்னும் நேர முன்னுக்கு. "இஞ்சாரும்! எங்க நிக்கிறீர்?"

"இஞ்சதான் நிக்கிறன்!"

சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பினார். கொஞ்சம் திருப்பினார், என்னைக் காணேல்லை. பேந்து முழுசாத் திருப்பினார். அப்பதான் கண்டார். என்னையும் கண்டார், ரயரையும் கண்டார், ரெண்டுக்கும் இடையில இருந்த இடத்தையும் கண்டார்.

அவர் இறங்கி, பொனட்டைப் பிடிச்சுப் பிடிச்சு என்னட்டை வந்தார். என்ர கையைப் பிடிச்சு இழுத்துக் காலைச் சேத்தில இருந்து எடுத்துவிட்டார்.

"இவ்வளவு கிட்டவோ நிண்டனீர்?"

"ஓம்."

"உந்த மஞ்சள் ஜாக்கெற்றோட."

"ஓம்."

அவர் ரயரில சாய்ஞ்சுகொண்டு நிண்டார்.

"நான் உம்மைத் தேடிக்கொண்டெல்லே வந்தனான்" எண்டார். "முன்னுக்கு நிக்கிறீர் எண்டு தெரிஞ்சு, கவனமாத் தேடித் தேடி வந்தனான். அப்பிடி வந்தும் காணேல்லை." பேந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வான் ஓடேக்க நான் ஒருத்தரையும் தேடேல்லை. கடைசி வருசம் முழுக்கப் பள்ளிக்கூடம் விடுற நேரத்தில ஹரோ றோட்டால வந்தனான்" எண்டார்.

"ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லைத்தானே" எண்டன்.

அவர் என்னைப் பாத்தார். என்னை முழுசாப் பாக்கிறதுக்குத் தலையைத் திருப்பித்தான் பாத்தார்.

"நடந்திருந்தால் நான் கண்டிருப்பனோ?"

அவர் சாவியை என்ர கையில வைச்சார். நான் அவற்ற கையைப் பிடிச்சு, சேத்துக்குள்ளால மெல்ல மெல்ல நடத்தி, இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டன்.